பழ டின்னைக் கராஜில் அடுக்காதே, பிள்ளை

பிள்ளை, உன் நீளமான கேள்வி கிடைத்தது. கனடாவில், ஸ்காபுரோவில் பேஸ்மென்ட் வாடகை, கூடவே மாமியும் மூன்று வயதுக் குழந்தையும். முதல் குளிர்காலத்தைச் சமாளித்துவிட்டாய். இனி மின்சாரம் போனாலோ வெளியே போக முடியாமல் அடைபட்டாலோ கைகொடுக்க, நாள்பட வைத்திருக்கிற சாப்பாட்டில் எந்தப் பழ டின்களைச் சேர்க்கலாம், எத்தனை வருடம் கிடக்கும் என்று கேட்டிருக்கிறாய். அதோடு கார் லைசென்ஸ், வேலை, எந்தப் பக்கம் வாடகை மலிவு என்றும் கேட்டிருக்கிறாய். அதெல்லாம் சொல்லித்தர அங்கே வீதிக்கு வீதி ஆள் இருக்கிறது. பழ டின்னைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை. சொல்கிறவர்களும் கன பேர் பிழையாகச் சொல்கிறார்கள்.

நான் இப்போது திருகோணமலையில், உவர்மலையில் தங்கச்சி வீட்டில் நிற்கிறேன். கோணேசர் கோயில் திருவிழாவுக்கு வந்தவள், இன்னும் கனடாவுக்குத் திரும்பவில்லை. ஆறுதலாக இருந்து எழுத நேரம் இருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கராஜ். எங்கள் ஆட்கள் வீடு வாங்கியதும் செய்கிற முதல் வேலை, மலிவு விற்பனையில் பெட்டி பெட்டியாக டின் வாங்கிக் கராஜில் அடுக்குவது. தை, மாசியில் கராஜுக்குள் எல்லாம் உறைந்துபோகும். டின்னுக்குள் இருக்கிற பாகு உறைந்து விரியும்போது மூடியும் உடம்பும் சேர்கிற மடிப்பு இளகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பனி உருகியதும் அந்த மயிரிழை இடைவெளியால் காற்றும் கிருமியும் உள்ளே போகும். ஆடியில் அதே கராஜ் அடுப்புப் போலச் சுடும். டின் சாமானுக்கு நல்லது 30 பாகை செல்சியசுக்குக் கீழே, குளிர்மையும் ஈரமில்லாததுமான இடம். நீ இருப்பது பேஸ்மென்ட் என்றால் சூடாக்கும் இயந்திரமும் சுடுதண்ணீர்த் தாங்கியும் இருக்கிற அறையில் வைக்காதே. முன்வாசல் படிக்குக் கீழே சில வீடுகளில் ஒரு குளிர் அறை இருக்கும். அங்கே ஈரம் பிடித்துத் துருவேறும். உடுப்பு அலுமாரியின் அடித்தட்டு அல்லது கட்டிலுக்குக் கீழே போதும். விருந்தாளிக்குத் தெரிகிற இடத்தில் டின் இருந்தால் மரியாதை இல்லை என்று நினைக்கிறவர்களின் பேச்சைக் கேட்காதே.

அடுத்தது, எத்தனை வருடம் என்ற கேள்வி. இங்கேதான் ஆட்கள் பிழை விடுகிறார்கள். மீன் டின்னும் அவரை, கடலை டின்னும் நல்ல தரத்தில் 2 முதல் 5 வருடம் வரை இருக்கும். பழ டின் அப்படியில்லை. பழத்தில் புளிப்பு இருக்கிறது, அது தகரத்தை உள்ளிருந்து மெல்ல மெல்ல அரிக்கும். அன்னாசி, தோடம்பழம், தக்காளி மாதிரிச் சாமான்களுக்கு 12 முதல் 18 மாதம் என்று வைத்துக்கொள். அந்த நாள் தாண்டியதும் நஞ்சாகிவிடும் என்று அர்த்தமில்லை. டின் பழுதில்லாமல் இருந்தால் சாப்பிடலாம், ஆனால் நிறம் மங்கும், பழம் குழையும், தகர வாடை ஏறும். பத்து வருடத்துக்கு வாங்கிப் போட்டிருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் மீனையும் பழத்தையும் ஒரே கணக்கில் போடுகிறார்.

அதே புளிப்புத்தான் காப்பாற்றவும் செய்கிறது. புளிப்பை அளக்கிற பிஎச் எண் (அது குறையக் குறையப் புளிப்புக் கூட) 4.6க்குக் கீழே இருந்தால், பொட்டுலிசம் என்கிற கொடிய நோயைத் தருகிற நஞ்சை உண்டாக்கும் கிருமி வளராது. பழ டின் பொதுவாக அந்த அளவுக்குக் கீழேதான். பப்பாளி, வாழைப்பழம் மாதிரிப் புளிப்புக் குறைந்த பழங்களை வீடியோ பார்த்து வீட்டில் போத்தலில் அடைக்கிற வேலைக்கு மட்டும் போகாதே. உனக்கு யாராவது அன்பாகக் கொண்டுவந்து தந்தாலும் வாங்கி அவசரகாலத் தட்டில் வைக்காதே.

சரி, எதை வாங்குவது. பீச், பியர்ஸ் இரண்டும் முதலில். இரண்டும் மென்மையானவை, குழந்தையும் சாப்பிடும், பல் இல்லாதவர்களும் சாப்பிடுவார்கள். அன்னாசி எங்கள் வாய்க்குப் பிடிக்கும், ஆனால் புளிப்புக் கூடியது, அதனால் வாங்கினால் முதலில் தின்று முடிக்கவேண்டியது அதுதான். பல பழங்கள் கலந்த டின்னில் பெரும்பாலும் பீச்சும் பியர்சும்தான், பெயருக்கு நாலு திராட்சையும் சிவப்புச் செர்ரித் துண்டும் கிடக்கும். உன் குழந்தைக்கு அந்த முழுத் திராட்சையை நீளவாக்கில் வெட்டித்தான் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் தொண்டையில் சிக்கும். பிளாஸ்டிக் கிண்ணங்களில் வருகிற பழத்தை நாள்பட வைக்க வாங்காதே, பிளாஸ்டிக்குக்குள் காற்று மெல்லப் புகும், தகரத்துக்குள் புகாது. தமிழ்க் கடையில் இந்திய மாம்பழக் கூழ் 850 கிராம் டின்னில் இருக்கும். அருமையான சாமான்தான், ஆனால் சீனி சேர்த்தது, திறந்தால் ஒரே நாளில் முடிக்கவேண்டிய அளவு. அதைப் பிறந்தநாளுக்கு வாங்கு. பலா டின்னில் இரண்டு வகை: மஞ்சள் சுளை சீனிப்பாகில், பலாக்காய் உப்புத்தண்ணீரில். படத்தைப் பார்த்து வாங்கினால் பழமென்று கறிச்சாமானைக் கொண்டுவருவாய். அட்டையில் உள்ள எழுத்தை வாசி.

பாகு விஷயத்தில் மாமியை நினைத்துக்கொள். அவவுக்குச் சீனி வருத்தம் என்று எழுதியிருந்தாய். கெட்டிப் பாகில் ஊறின பீச் ஒரு கப்பில் 50 கிராமுக்கு மேல் மாச்சத்து இருக்கிறது, பெரும்பகுதி சீனி. பழச்சாற்றில் ஊறினதில் 30க்குக் கிட்ட. தண்ணீரில் ஊறினதில் அதிலும் பாதி. கெட்டிப் பாகில்தான் பழம் நிறமும் உருவமும் கெடாமல் நிற்கும் என்பது உண்மை. ஆனாலும் உன் வீட்டுக்குச் சாற்றில் உள்ளதை வாங்கு. மாமிக்குச் சீனி திடீரென்று இறங்கினால் கொடுக்க ஒன்றிரண்டு கெட்டிப் பாகு டின் வைத்திருந்தால் அதுவும் நல்லதுதான்.

அளவு சின்னதாக எடு. அங்கே 398 மில்லிலீட்டர் என்றும் 796 மில்லிலீட்டர் என்றும் எழுதியிருக்கும். பெரியது மலிவு. ஆனால் மின்சாரம் இல்லாதபோது மீதியை வைக்கப் பிரிட்ஜ் இல்லை. சின்ன டின்னைத் திறந்து ஒரே நேரத்தில் முடித்துவிடலாம். மீந்தால் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்று. அன்னாசி, பியர்ஸ் மாதிரி வெளிர் நிறப் பழங்கள் வருகிற டின்னில் உள்பக்கம் பல நேரம் பூச்சு இல்லாத வெறும் தகரம். பழத்தின் நிறம் கெடாமல் இருக்க வேண்டுமென்றே அப்படி விடுகிறார்கள். திறந்து காற்றுப் பட்டதும் அந்தத் தகரம் வேகமாகப் பழத்தில் கரையும். இங்கே ஊரில் பால்பேணியை இரண்டு துளை போட்டு நாள்கணக்கில் வைத்துக் குடித்த பழக்கம் எங்களுக்கு உண்டு. அதைப் பழ டின்னில் காட்டாதே.

வாங்கும்போது கையில் எடுத்து உருட்டிப் பார். மேல் மடிப்பையும் பக்கத்துப் பொருத்தையும் பெருவிரல் நகத்தால் தடவு. உடம்பில் சின்ன நெளிவு பரவாயில்லை, மடிப்பில் நெளிவென்றால் அது எவ்வளவு சின்னதானாலும் திருப்பி வை. இழுத்துத் திறக்கிற வளையம் உள்ள மூடியில் வெட்டுக்கோடு மெல்லியது, விழுந்தால் அங்கேதான் விடும். நெளிந்த டின்களைக் குவித்து மலிவாக விற்கிற கூடை சில கடைகளில் இருக்கும். நாள்பட வைக்கிற சாமானை அந்தக் கூடையில் தேடாதே. டின்னில் திகதி இல்லாவிட்டால் பயப்படாதே. 90 நாளுக்கு மேல் இருக்கிற சாமானுக்குக் கனடாச் சட்டம் திகதி கேட்பதில்லை, சிலதில் தொழிற்சாலைக் குறியீடு மட்டும் இருக்கும். வாங்கின மாதத்தை மார்க்கரால் மூடியில் எழுதி, புதியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வை. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றை எடுத்துத் திறந்து சாப்பிடுங்கள், அடுத்த கிழமை அதற்குப் பதில் ஒன்று வாங்கு. உங்கள் வீட்டுக்கு ஒரு டசின் காணும். குறைந்தது 72 மணி நேரத்துக்குத் தயாராக இருக்கச் சொல்கிறது கனடா அரசாங்கம், ஆளுக்கு நாளைக்கு 2 லீட்டர் தண்ணீரும். பழத்துக்கு முன்னால் அந்தத் தண்ணீரை வாங்கி வை.

கையால் சுழற்றுகிற டின் கட்டர் இல்லாமல் இந்தச் சாமான் எல்லாம் வெறும் இரும்பு. இதை நான் சும்மா சொல்லவில்லை. 1997 கார்த்திகையில் கைக்குழந்தையோடு மொன்றியலில் வந்து இறங்கினேன். 1998 தை (ஜனவரி) 5ஆம் திகதி உறைமழை தொடங்கியது. விழுகிற மழை மரத்திலும் கம்பியிலும் பட்ட உடனே கண்ணாடியாக இறுகியது. அஞ்சு நாளில் மின்கம்பி தாங்குகிற உயர்ந்த இரும்புக் கோபுரங்களே மடிந்து விழுந்தன. கியூபெக்கில் வீடுகளைச் சூடாக்குவது பெரும்பாலும் மின்சாரம். அது போனால் அடுப்பும் இல்லை, வெளிச்சமும் இல்லை, சூடும் இல்லை. சில ஊர்களுக்கு ஒரு மாதத்துக்கு மேலும் மின்சாரம் வரவில்லை. மொன்றியல் நகரத்தின் தண்ணீர் சுத்திகரிக்கிற நிலையங்களும் நின்று, குழாய்த் தண்ணீரே இல்லாமல் போகிற நிலை வந்தது.

நாங்கள் மொன்றியலின் கோத்-தெ-நேஜ் பகுதியில் மூன்றாம் மாடியில், ஒரு வீட்டுக்குள் இரண்டு குடும்பம். என் மகனுக்குக் காய்ச்சல், ஒன்றும் தின்னமாட்டான். வீட்டுக்காரரின் குசினிச் சுவரில் மின்சாரக் கட்டர் ஒன்று பெருமையாகத் தொங்கியது. அதற்குக் கீழே அலுமாரி நிறைய டின், ஒன்றையும் திறக்க முடியவில்லை. மேல்மாடியில் மூதூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். அதற்கு முன் படிக்கட்டில் ஒருநாள் சிரித்ததோடு சரி. அவர் மெழுகுதிரியோடு இறங்கிவந்து, மடியிலிருந்து ஒரு பியர்ஸ் டின்னையும் சின்னக் கைக் கட்டரையும் எடுத்தார். மூடியை முழுக்க வெட்டாமல் கொஞ்சம் விட்டு மேலே மடித்தார். டின்னைத் தன் சால்வைக்குள் வைத்து உடம்புச் சூட்டில் குளிரைப் போக்கினார். பிறகு அந்தச் சாற்றைத் தேக்கரண்டியால் மகனின் வாயில் விட்டார். அவன் விழுங்கினான். அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தான். அன்றிரவு அந்தப் பிள்ளையின் வயிற்றில் இருந்தது அந்தச் சாறு மட்டும்தான்.

அடுத்த நாள் எங்களைத் தங்குமிடமாக்கின ஒரு பாடசாலைக்கு ஏற்றிப்போனார்கள். 1990இல் சண்டை தொடங்கினபோது திருகோணமலையில் பாடசாலை வகுப்பறையில் படுத்தவள், கனடாவுக்கு வந்தும் பாடசாலை மண்டபத்தில் படுத்தேன். போரைக் கண்டவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று சொல்கிற ஆட்களை நீ அங்கே நிறையச் சந்திப்பாய். அவர்களுக்கு நான் சொல்கிற பதில் ஒன்றுதான்: ஊரில் கிணறு இருந்தது, விறகு இருந்தது, மூன்று கல்லு வைத்தால் அடுப்பு. அங்கே சுவரில் இருக்கிற துளையை நம்பித்தான் சீவியம். 2013 மார்கழி உறைமழையில் ரொறன்ரோவில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இருண்டபோதும், 2022 வைகாசிச் சூறைக்காற்றில் ஒன்ராரியோவின் தெற்கிலும் கிழக்கிலும் மரம் முறிந்தபோதும் என் வீட்டில் தண்ணீரும் டின்னும் கட்டரும் இருந்தன. பக்கத்து இரண்டு வீட்டுக்கும் கொடுத்தேன். அந்த ஊருக்கு ஏற்றபடி வாழப் பழகிவிட்டேன் என்பதை நான் பெருமையாகவே சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். வெளிநாட்டு ஆட்கள் கராஜில் கிடந்த டின்களை, திகதி முடியப் போகிற நேரத்தில் பெட்டியில் கட்டிக் கப்பலில் ஊருக்கு அனுப்புகிறார்கள். போன கிழமை தங்கச்சியின் குசினித் தட்டில் அப்படி வந்த பீச் டின் ஒன்றைக் கண்டேன். கடற்காற்றில் அடிவிளிம்பெல்லாம் செம்மஞ்சள் துரு. மேல் மூடி வயிறு மாதிரி மெல்லப் புடைத்திருந்தது. விரலால் அமர்த்தினேன், டக்கென்று உள்ளே போனது. கீழ் மூடி வெளியே தள்ளியது. புளிப்பு தகரத்தோடு சேர்ந்து உண்டாக்கின வாயுவாகவும் இருக்கலாம், கிருமி உண்டாக்கினதாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, ருசி பார்க்கவும் கூடாது. பின்வளவில் கிடங்கு வெட்டிப் புதைக்கச் செய்தேன். வெளிநாட்டுச் சாமான் என்று தங்கச்சி அதை வருடப்பிறப்புக்குத் திறக்கவென்று பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். கப்பலின் அடித்தட்டுச் சூட்டையும் கச்சான் காற்றுக் காலத்து வெயிலையும் தாண்டி வந்த டின் அது. உறவுக்கு அனுப்புவதென்றால் காசை அனுப்புங்கள். ஊரில் பழத்துக்கு என்ன பஞ்சம்?

எங்கள் அம்மா மாரிக்கு முன்பே எல்லாம் சேர்த்து வைப்பா. புளியை உப்புப் போட்டு உருட்டிப் பானையில், ஒடியல், கருவாடு, மாங்காய் வத்தல், புழுங்கலரிசி. மழை விடாமல் அடித்துத் தோணி ஓடாத நாட்களில் கடையில் சாமான் ஏறாது. அப்போது அந்தப் பானைகள் திறக்கும். ஐப்பசி பிறந்தால் அவ ஒவ்வொரு பானையாகக் கையை விட்டு மணந்து பார்ப்பா, கொஞ்சம் வாடை பிடித்திருந்தாலும் இரக்கமில்லாமல் கொட்டிவிடுவா. வருடத்துக்கு இரண்டு முறை நேரம் மாற்றி மணிக்கூட்டைத் திருப்புகிற நாளில் நான் அங்கே என் டின்களை எடுத்துப் பார்ப்பதும் அப்படித்தான். நீயும் அந்த நாளைப் பிடித்துக்கொள், நினைவிருக்கும்.

அப்புறம், மாமி கொலஸ்ட்ரோலுக்கோ பிரஷருக்கோ குளிசை எடுக்கிறாவென்றால் கிரேப்ஃபுரூட் டின் வாங்குவதற்கு முன் மருந்துக்கடையில் கேள். சில குளிசைகளோடு அந்தப் பழம் சேராது, மருந்து உடம்பில் அளவுக்கு மேல் ஏறிவிடும். குளிசைப் பெட்டியையே கொண்டுபோய்க் காட்டு, பெயரை வாயால் சொல்லிக் குழம்பாதே.