கேள்வி – பதில்: கத்தரிப் பூவைச் சீண்டாத தேனீ

கேள்வி: கத்தரித் தோட்டத்தில் 2 இந்தியத் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறோம். தேனீக்கள் பக்கத்துத் தென்னைக்குத்தான் போகின்றன, கத்தரிப் பூவைச் சீண்டுவதே இல்லை. பெட்டியில் கோளாறா?

பதில்: பெட்டியில் கோளாறில்லை. கத்தரிப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மிளகு டப்பா மாதிரி, நுனியில் சிறு துளை மட்டுமே உள்ள மகரந்தப் பைக்குள் அடைந்து கிடக்கும். உலுக்கினால்தான் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த உலுக்கல் தெரியாது. எப்போதாவது வந்தாலும் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போய்விடும்.

உலுக்கத் தெரிந்தவை கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சன் தேனீயும், வயிற்றில் நீலப் பட்டை உள்ள தேனீயும். காலையில் கவனியுங்கள். பூவைக் கட்டிப்பிடித்துத் தொங்கி, இறக்கையை விரிக்காமலே 'ர்ர்ர்' என்று அதிரும். மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டும். விரிந்த பூவின் அடியில் கறுப்புத் துணியைப் பிடித்து, காம்பில் மின் பல்துலக்கியை வைத்துப் பார்த்தால் அதே தூள் விழும்.

காற்று அசைப்பிலும் கத்தரி ஓரளவு காய்க்கும். உலுக்கும் இந்தத் தேனீக்கள் வந்தால் விதை நிறைந்து காய் பருக்கும். ஆனால் சூல்தண்டு (பூவின் நடுவிலுள்ள பெண் உறுப்பின் தண்டு) குட்டையாக உள்ளே ஒளிந்திருக்கும் பூவை எந்த வண்டு உலுக்கினாலும் அது உதிரத்தான் செய்யும். அந்தப் பழியைத் தேனீ மேல் போடாதீர்கள்.

கருவண்டுக்கும் தேன் வேண்டும். அதனால் வரப்பு எருக்கைப் பிடுங்காதீர்கள், ஓரத்தில் துவரை போடுங்கள். காய்ந்த மூங்கிலை ஒரு முனை கணுவோடு சாண் நீளத்துக்கு நறுக்கி, நிழலில் படுக்கைவாட்டில் கட்டினால் கூடு வைக்க இடமாகும். நீலப் பட்டைத் தேனீ மண்ணுக்குள் கூடு வைப்பது. ஒரு வரப்பையாவது கொத்தாமல் விடுங்கள். காய்த்துளைப்பானுக்கு மருந்தடிப்பதை மாலைக்குத் தள்ளுங்கள். காலைத் தெளிப்பில் முதலில் சாவது இவைதான்.

கேள்வி: பீர்க்கனுக்கும் மாலையில் மருந்தடிக்கலாமா?

பதில்: கூடாது. பீர்க்கன் பூ விரிவதே மாலையில்தான். மறுநாள் பூ வாடிய பிறகு அடியுங்கள், பக்கத்துக் கத்தரி மேல் சாரல் படாமல். பிஞ்சு பழுத்து உதிர்ந்தால், பூ விரிந்த மாலையே ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, 2 பெண் பூக்களின் சூல்தண்டு நுனியான சூல்முடியில் மெல்லத் தடவுங்கள். அடியில் குட்டிப் பீர்க்கங்காய் ஒட்டியிருப்பது பெண் பூ.