நேபாள நாடாளுமன்றம்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

ஐயா, நேபாளத்தின் பெரிய கட்சிகள் கல்கத்தாவில் பிறந்தவை என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1846 முதல் ராணா குடும்பமே பரம்பரையாகப் பிரதமர் பதவியை வைத்திருந்தது, மன்னர் பெயருக்குத்தான். 1936இல் ரகசியமாகத் தொடங்கிய பிரஜா பரிஷத் கட்சியை நசுக்க, 1941இல் நான்கு பேரைக் கொன்றார்கள். அப்புறம் உள்ளூரில் யார் கட்சி நடத்துவார்கள்? 1949இல் கம்யூனிஸ்ட் கட்சியும் 1950இல் நேபாளி காங்கிரஸும் கல்கத்தாவில்தான் உருவாயின.

நேபாளி காங்கிரஸ் தலைவராக இருந்த பி.பி. கொய்ராலா, நடிகை மனிஷா கொய்ராலாவுக்கு உறவா சார்?

தாத்தா. அவருடைய மகன் பிரகாஷின் மகள்தான் மனிஷா.

1959 தேர்தலைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். அதில் என்ன அவ்வளவு விசேஷம்?

ராணா ஆட்சி 1951 பிப்ரவரி 18இல் முடிந்தது. மக்கள் தேர்ந்தெடுக்கும் அரசியல் நிர்ணய சபைதான் அரசியல் சட்டத்தை எழுதும் என்று அன்று மன்னர் திரிபுவன் வாக்குக் கொடுத்தார். அவர் மகன் மகேந்திரா அந்தச் சபையைக் கூட்டவே இல்லை. 1959இல் தானே ஒரு அரசியல் சட்டத்தைக் கொடுத்து, நாடாளுமன்றத் தேர்தல் மட்டும் வைத்தார். வாக்குப்பதிவு தொடங்கியதும் அதே பிப்ரவரி 18தான். 109 இடங்களில் நேபாளி காங்கிரஸ் 74ஐப் பிடித்தது. பி.பி. கொய்ராலா பிரதமரானார். ராணாக்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் வரியில்லாமல் அனுபவித்த 'பிர்தா' நிலமுறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இடம் வைத்திருந்த அரசை, 1960 டிசம்பர் 15 அன்று மன்னர் ராணுவத்தை வைத்துக் கலைத்தார். கட்சிக் கூட்டத்தில் இருந்தபோதே கொய்ராலாவைக் கைது செய்தார்கள். எட்டு ஆண்டுகள் சிறை. ஒன்றரை ஆண்டில் முடிந்துபோன அந்த நாடாளுமன்றத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

பஞ்சாயத்து ஆட்சி என்றால் நம்மூர்ப் பஞ்சாயத்து மாதிரியா?

பெயர்தான் ஒன்று. 1960இல் அரசைக் கலைத்த பிறகு மகேந்திரா கொண்டுவந்த ஆட்சிமுறை அது. அங்கே கட்சிகளுக்குத் தடை. அதிகாரம் முழுக்க அரண்மனையில். 1980இல் நடந்த பொது வாக்கெடுப்பில்கூட சுமார் 55 சதவீதம் அதற்கே விழுந்தது. 1990 மக்கள் போராட்டம்தான் அதை முடித்துவைத்தது.

1990க்குப் பிறகு ஒரு பிரதமர்கூட ஐந்து ஆண்டு முடிக்கவில்லையே, ஏன் அண்ணா? கூட்டணி ஆட்சிகளாலா?

கூட்டணியை மட்டும் குறை சொல்வது சரியில்லை. 1991இல் காங்கிரசுக்கு 205இல் 110 இடம் இருந்தது. சொந்தக் கட்சிக்காரர்களே வாக்கெடுப்புக்கு வராமல் ஒதுங்கியதால்தான் 1994இல் பிரதமர் கிரிஜா பிரசாத் கொய்ராலா அவையைக் கலைத்தார். 2018இல் இரண்டு பெரிய கம்யூனிஸ்ட் கட்சிகள் இணைந்து அசைக்க முடியாத பலத்தோடு இருந்தன. அதுவும் உட்கட்சிச் சண்டையில்தான் உடைந்தது.

அப்படியானால் 1951இல் கொடுத்த வாக்கு என்ன ஆனது?

57 ஆண்டு கழித்து நிறைவேறியது. 1996இல் தொடங்கிய மாவோயிஸ்ட் போரில் 13,000 பேருக்கு மேல் இறந்த பிறகு, 2008 ஏப்ரலில் 601 பேர் கொண்ட அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. மே 28 அன்று முதல் கூட்டம். மகேந்திரா சிறைக்கு அனுப்பிய பி.பி.யின் தம்பி கிரிஜா அன்று பிரதமர்; மகேந்திராவின் மகன் ஞானேந்திரா மன்னர். முடியாட்சியை ஒழிக்க 560 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் நான்கு பேர்.