கிறிஸ்துமஸ் 'மீட்பரின் பிறப்பு' என்கிறார்களே, எதிலிருந்து மீட்பு?

கேக், ஸ்டார், புதுத்துணி தவிர இந்த விழாவில் என்ன இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிறிஸ்தவ நண்பர் வீட்டில் பிரியாணி சாப்பிட்டிருப்பீர்கள், அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும். நான் தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கன். 1693-இல் அருளானந்தர் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியாரின் தலை வெட்டப்பட்ட ஓரியூருக்கு வருடம் தவறாமல் போகிற குடும்பம். இறையியல் படித்ததில்லை. பைபிளில் டிசம்பர் 25 எங்கே என்று யாரோ கேட்கத்தான் போகிறீர்கள். இல்லைதான். ரோமில் 336-இல் அந்த நாளில் கொண்டாடியதற்குப் பழைய குறிப்பு இருக்கிறது. தேதிக்காக நான் வாதாட வரவில்லை.

மீட்பு என்ற சொல்லைச் சின்ன வயதிலிருந்து கோயிலில் கேட்டிருந்தாலும், எனக்கு அது விளங்கியது ஓர் அடகுக் கடையில்.

சாப்பாட்டுக் கடை வைத்து நொடித்தபோது அம்மாவின் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்தேன். அம்மா எனக்கும் தம்பிக்கும் பொதுவாக விட்டுப்போனது அது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரிந்து வந்து சத்தம் போட்டான். நான் பேசக்கூடாததைப் பேசிவிட்டேன். மூன்று வருடம் பேச்சில்லை. ஒரே தெரு, ஒரே கோயில். அவன் இந்தப் பக்கம் உட்கார்ந்தால் நான் அந்தப் பக்கம். வட்டி ஏறி ஏல நோட்டீஸ் வந்தது. மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டேன்.

2019 டிசம்பர் 24 காலை. இயேசு பிறந்த காட்சியை வைக்கும் குடிலுக்காக முளைக்கப் போட்டிருந்த கேழ்வரகுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டி நின்றது. "அண்ணே, அடகுச் சீட்டை எடுத்துக்கிட்டு வா" என்றான். என் மனைவி அவனிடம் சொல்லியிருக்கிறாள். கடையில் அசலும் வட்டியும் அவனே எண்ணிக் கொடுத்தான். கையெழுத்து மட்டும் நான் போட்டேன். சங்கிலியை என் கையில் வைத்து மூடினான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, அழுதேன். "பூசைக்கு நேரத்தோட வந்துரு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

அன்று ராத்திரிப் பூசையில் பைபிளிலிருந்து லூக்கா இரண்டாம் அதிகாரம் வாசித்தார்கள். மீட்பர் உங்களுக்காகப் பிறந்திருக்கிறார் என்று இடையர்களிடம் வானதூதர் சொல்கிற இடம். நாங்கள் நம்புவது இதுதான்: பாவத்தில் நம்மை நாமே அடகு வைத்துவிட்டோம், மீட்கக் கையில் எதுவும் இல்லை, யாருக்குத் துரோகம் செய்தோமோ அவரே வாசல் தேடி வந்தார். குழந்தையாக வந்தது மாட்டுத் தொழுவத்தில், விலை கொடுத்தது சிலுவையில். 'விலை கொடுத்து' என்று பைபிளில் திருத்தூதர் பவுலே கொரிந்து ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு எழுதுகிறார். பெந்தெகொஸ்தே சகோதரர்கள் இரட்சிப்பு என்பார்கள், நாங்கள் மீட்பு என்கிறோம். சரி, அப்படியானால் கடவுள் யாரிடம் பணம் கட்டினார் என்று மடக்காதீர்கள். உவமையை அவ்வளவு தூரம் இழுக்க முடியாது. மதம் மாற்றவும் நான் வரவில்லை. கேட்டீர்கள், என் வாழ்க்கையில் நடந்ததைச் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த நற்செய்தியை முதலில் கேட்டவர்கள் ராத்திரியில் ஆட்டுக் கிடைக்குக் காவல் இருந்த அந்த இடையர்கள். எங்கள் கோயிலுக்கும் அப்படிச் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆடு மேய்க்கிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் வருகிறார்கள். கிறிஸ்துமஸ் பூசை முடியும்போது ராத்திரி மணி ஒன்றரை ஆகிவிடுகிறது, திரும்பிப் போகப் பஸ் கிடையாது. கைக்குழந்தையோடு கோயில் தாழ்வாரத்தில் பனியில் படுத்துக் கிடக்கிறார்கள். வருடத்தில் அந்த ஒரு ராத்திரிக்காவது இரண்டு பஸ் விடச் சொல்லி ஐந்து தடவை மனு கொடுத்துவிட்டேன். இந்த வருடமும் கொடுப்பேன்.