100 மீற்றரில் 18 செ.மீ. சிதறல்: ரி-56 பிழையா, சுடுகிறவர் பிழையா?

கேள்வி இதுதான்: தியத்தலாவை ரேஞ்சில் படுத்து, மணல் மூட்டையில் ரி-56ஐத் தாங்கவைத்து, ஒவ்வொன்றாகச் சுட்ட 10 ரவையும் 100 மீற்றரில் 18 செ.மீ. வட்டத்துக்குள் விழுந்திருக்கின்றன. யூடியூப்பில் ஓரங்குலத்துக்குள் சுட்டுக் காட்டுகிறார்கள். அப்படியென்றால் துவக்கு பிழையா, நான் பிழையா?

இரண்டும் பிழையில்லை. ரி-56 என்பது ஏ.கே. வகையின் சீனத் தயாரிப்பு. ஏ.கே.எம். ரைபிளுக்குச் சோவியத் இராணுவம் வைத்திருந்த அளவுகோலைப் பாருங்கள்: 100 மீற்றரில், தாங்கலில் வைத்து, நன்றாகச் சுடத் தெரிந்தவர் 4 ரவை சுட வேண்டும். நாலும், அல்லது ஒன்று விலகினால் மற்ற மூன்றும், 15 செ.மீ. வட்டத்துக்குள் விழுந்தால் துவக்கு தேறியது. உங்களுடையது 10 ரவை. ரவை கூடக் கூடச் சிதறல் விரியும். துவக்கு கெட்டுப்போவதால் அல்ல, கணக்கே அப்படி. ஒரே துவக்கு, ஒரே ஆள் என்றாலும் 10 ரவைச் சிதறல் 3 ரவைச் சிதறலைப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு, 4 ரவையைப் போல 1.4 மடங்கு வரும். ஆகவே உங்கள் 18 செ.மீ., 4 ரவைக் கணக்கில் 13 செ.மீ. அளவுதான். வீடியோக்காரர் காட்டுவது பெரும்பாலும் 3 ரவை, அதிலும் அன்றைக்கு நன்றாக விழுந்த 3 ரவை.

கோண அளவில் சொன்னால், ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு ஒரு எம்.ஓ.ஏ.; 100 மீற்றரில் அது 2.9 செ.மீ. நீங்கள் சுட்டது 6 எம்.ஓ.ஏ. சாதாரண இராணுவ ரவையோடு ஏ.கே. வகைக்கு 3 முதல் 6 வரை எதிர்பார்க்கலாம். குழல் எதிலும் தொடாமல் பொருத்திய நல்ல அமெரிக்க ஏ.ஆர். வகைத் துவக்கு, போட்டி ரவையோடு 1 முதல் 1.5 வரை வரும். அந்த ஓரங்குலம் அங்கிருந்து வருவது. அதை ரி-56இடம் கேட்பது நியாயமில்லை.

தானாக அடுத்த ரவையை ஏற்றும் துவக்கில் கனமான பிஸ்டனும் போல்ட் தாங்கியும் பின்னால் போய் முன்னால் வந்து மோதுகின்றன. எரிவாயு எடுக்கும் பகுதி, கைப்பிடிப் பலகை எல்லாம் குழலோடு பிணைந்திருப்பதால், பிடிக்கிற விதம் மாறினால் குழலின் அதிர்வும் மாறும். கையால் ஏற்றிய முதல் ரவை, துவக்கு தானே ஏற்றிய மற்ற ரவைகளிலிருந்து சற்று விலகி விழுவதும் உண்டு.

ஆனால் ரி-56இல் மிகப் பெரிய தடை சைட்தான். முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் நடுவே 38 செ.மீ. கூட இல்லை. முன்சைட் பின்சைட்டின் பிளவுக்குள் 1 மி.மீ. விலகி நின்றால் 100 மீற்றரில் 26 செ.மீ. விலகும், அரை மி.மீ. என்றால் 13. கண்ணைக் குறியில் வைத்தால் இது தெரியவே தெரியாது. முன்சைட்டைக் கூர்மையாகப் பாருங்கள், குறி மங்கலாகவே இருக்கட்டும். முன்சைட் ஊசி 100 மீற்றரில் 25 செ.மீ.க்கு மேல் மறைத்துவிடும், அதனால் சிறிய கறுப்பு வட்டத்தின் நடுவைக் குறிபார்ப்பது வீண், 25 செ.மீ. அகலக் கறுப்பின் அடிவிளிம்பில் ஊசி முனையைத் தொடவைப்பது சுலபம். தேய்ந்து பளபளக்கும் ஊசியில் வெயில் ஒரு பக்கமாகப் பட்டால் பார்வை ஏமாறும். குப்பி விளக்கின் கரி பூசினால் போதும்.

துவக்கா ஆளா என்று பிரிக்க ஒரே வழி: அதே பெட்டி ரவை, அதே தாங்கல், உங்களை விட நன்றாகச் சுடுகிற ஒருவர் 10 ரவை. தாங்கல் கைப்பிடிப் பலகைக்குக் கீழே இருக்க வேண்டும், குழலுக்கு அல்ல. ரவைக்கு அரை நிமிடம் விடுங்கள். குழல் சூடேறினால் அடிபடும் இடம் நகரும். பிழைகள் நேராகக் கூடுவதில்லை, அவற்றின் வர்க்கங்களே கூடும்: துவக்கு 4, ஆள் 3 என்றால் மொத்தம் 7 அல்ல, 5. அவர் சுட்டும் 18 வந்தால் துவக்கும் ரவையும்தான் எல்லை. மேலும் கீழுமாக நீண்டால் மூச்சையும் கன்னம் வைக்கும் இடத்தையும் பாருங்கள். இரண்டு கொத்தாகப் பிரிந்தால் ஆடும் பாகமோ கலந்த ரவையோ இருக்கும்.

உயரமான ஊர் என்பதால் குறி தவறுகிறது என்று மலையகத்தில் அடிக்கடி கதைப்பார்கள். 1,200 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாகக் குறையும். 100 மீற்றரில் அதன் விளைவு ஒரு செ.மீ. கூட இல்லை. காற்று வேறு விடயம். தென்மேல் பருவக்காற்று ஊவாப் பள்ளங்களில் சுழன்று வரும்போது, வினாடிக்கு 4.5 மீற்றர் பக்கக்காற்று 100 மீற்றரில் 3–4 செ.மீ., 300இல் ஏறக்குறைய 40 செ.மீ. தள்ளும். மழைக்குப் பயந்து குழலுக்குள் எண்ணெய் விடுகிறவர்கள் சுடுமுன் துணி ஓட்டி உலர்த்த வேண்டும். முதல் ரவை வழிதவற அந்த எண்ணெயே போதும்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பின்சைட்டை 3இல் (300 மீற்றர் அளவில்) வைத்து 100 மீற்றரில் சுட்டால் ரவைகள் குறிபார்த்த இடத்துக்கு 25 செ.மீ. அளவு மேலே விழும். அது சிதறலல்ல, அமைப்பு. கொத்தின் நடு, 25 செ.மீ. மேலே உள்ள அந்த இடத்திலிருந்து 5 செ.மீ.க்கு மேல் விலகினால்தான் ஆமரரிடம் (துவக்குகளைப் பழுதுபார்ப்பவரிடம்) கொடுக்க வேண்டும். ஊசியை ஒரு முழுச் சுற்றுத் திருகினால் கொத்து 20 செ.மீ. நகரும்; ரவைகள் கீழே விழுந்தால் ஊசியை உள்ளே திருகுவார், இடப்பக்கம் விழுந்தால் முன்சைட்டை இடப்பக்கமே தள்ளுவார். ஒற்றை ரவையைப் பார்த்து யாரையும் திருக விடாதீர்கள்.