செம்பருத்தியில் சின்னான் கூடு நிலைக்காதது பற்றி

வணக்கம். வீட்டுச் செம்பருத்தியில் சின்னான் (புல்புல், கொண்டைக்குருவி) இரண்டு தடவை கூடு கட்டியும் முட்டை காணாமல் போனது என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. கிண்ணம் போலத் திறந்த கூடு கட்டும் சிறு பறவைகளுக்கு இந்த இழப்பு அடிக்கடி நேர்வதுதான். பொந்தில் முட்டையிடும் மைனாவுக்கு ஆபத்து குறைவு.

உங்கள் படத்தில் இரண்டு விஷயம் கண்ணில் பட்டன. கூட்டுக்கு மேலே இலை மறைப்பே இல்லை. செடியும் மதிலை உரசி நிற்கிறது. காகம் மேலிருந்தே பார்த்துவிடும். செண்பகம் என்கிற செம்போத்துப் பறவை அதைவிட மோசம், புதருக்குள் கிளை கிளையாக ஏறித் துழாவும். பூனைக்கு மதில்தான் வழி. கூடு பிய்ந்து சாய்ந்திருந்தால் பூனையைச் சந்தேகப்படலாம். கலையாமல் முட்டை மட்டும் போயிருந்தால் பெரும்பாலும் பாம்போ பறவையோதான்.

சரி, இப்போது கூடு இல்லாததால் மதில் பக்கக் கிளைகளைக் கழித்துவிடுங்கள். மற்ற பக்கம் அடர்ந்து வளரட்டும், கத்தரி வைக்காதீர்கள். இடமிருந்தால் ஓர் எலுமிச்சையும் நடுங்கள். முள்ளுக்குள் பூனை நுழையத் தயங்கும். அப்புறம், அடைகாக்கும் சுமார் 2 வாரமும் கிட்டே போய்ப் படம் எடுக்க வேண்டாம். நீங்கள் எங்கே எட்டிப் பார்க்கிறீர்கள் என்பதைக் காகம் கவனிக்கும். ஜன்னலிலிருந்தே பாருங்கள்.