வலது எலி, இடது எலி: ஒரு கடிதம்

ஐயா, வணக்கம். முல்லைத்தீவில் உயர்தரம் படிக்கிறேன். ஆடி விம்பமாக இருக்கும் ஒளியியல் சமபகுதியங்களுக்கு உருகுநிலை ஒன்றே என்று படித்தோம். ஆனால் அம்பெற்றமின் என்ற ஊக்க மருந்தின் வலது வடிவம் எலியில் இடதைவிடப் பலமாக வேலை செய்யுமாம். எத்தனை மடங்கு என்று ரியூசன் சேரிடம் கேட்டால் "அது பொறுத்தது" என்கிறார். எதைப் பொறுத்தது? ஐஸ் என்ற போதைப்பொருளும் இதே குடும்பமா?

அன்புள்ள பிள்ளைக்கு,

சேர் தட்டிக்கழிக்கவில்லை, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

என் அம்மா இடக்கைக்காரி. அருவி வெட்டு (நெல் அறுவடை) நாட்களில் தாக்கத்தியோடு, அதாவது கதிர் அரியும் அரிவாளோடு, அவருக்குத் தினமும் சண்டை. அதன் பல் வலக்கைக்காரருக்கு ஏற்ற பக்கம் வெட்டியிருக்கும். இடக்கையில் பிடித்தால் தாளில் கடிக்காமல் வழுக்கும். மற்றவர்கள் மூன்று பிடி அரியும்போது அவர் ஒரு பிடி. அதே தாக்கத்தியால் கயிறு அறுக்கும்போது அவ்வளவு வித்தியாசம் தெரியாது. கத்தியும் கையும் அதேதான், வேலைதான் வேறு.

சூட்டுக்கு வலம் இடம் தெரியாது, அதனால் உருகுநிலை ஒன்று. மூளையில் மருந்து போய்ப் பொருந்தும் புரதங்களுக்கு அது தெரியும்.

1970இல் கென்னத் டெய்லர், சாலமன் ஸ்னைடர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இரண்டு வடிவங்களையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓட்டத்தைக் கூட்டுவதில் வலது வடிவத்துக்கு 10 மடங்கு வீரியம். மருந்தின் அளவைக் கூட்டினால் எலி ஓட்டத்தை விட்டுவிடும். ஒரே இடத்தில் நின்று முகரும், நக்கும், அகப்பட்டதை விடாமல் கடிக்கும். பசியில் இல்லை, இந்த மருந்து பசியைக் கொல்லும். அந்தக் கடியில் வித்தியாசம் 2 மடங்குதான். ஆக, எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது.

இதை வைத்து, மூளையில் செய்தி கடத்தும் இரண்டு இரசாயனங்களில் ஓட்டம் நோரட்ரினலினின் வேலை, கடி டோபமினின் வேலை என்று அவர்கள் பிரித்தார்கள். எனக்கும் படித்த காலத்தில் அது மிகவும் பிடித்திருந்தது. ஆனால் நிலைக்கவில்லை. ஓட்டத்துக்கும் டோபமின்தான் முக்கியம் என்று பிறகு தெரியவந்தது.

ஐஸ்? ஓம், அது மெதம்பெற்றமின், இதன் கூடப்பிறந்தது மாதிரி. ஆளை ஆட்டுவது அதன் வலது வடிவம். இடது வடிவத்தை அமெரிக்காவில் மூக்கடைப்புக்கு உறிஞ்சும் குழாயில் வைத்துக் கடையிலேயே விற்கிறார்கள். மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், மூளையை அவ்வளவாகத் தொடாது. அதற்காக, இடது வடிவம் ஒன்றும் செய்யாது என்று சோதனையில் எழுதிவிட வேண்டாம். அளவு கூடினால் அதுவும் மூளையில் வேலையைக் காட்டும்.