அம்மா தருகிறேன் என்கிறார், தம்பி பன்றிக்காகக் காத்திருக்கிறான்

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. இரண்டு வருஷமாக டயாலிசிஸ். அம்மா தன் கிட்னியைத் தர முன்வந்தும் வேண்டாம் என்கிறான். "சீனாவில் பன்றிக்குள்ளேயே மனுஷ கிட்னியை வளர்த்துட்டாங்க. தடையை எடுத்துட்டா கிடைச்சிடும். அம்மாவை எதுக்கு அறுக்கணும்?" என்கிறான். மனித செல்லை மிருகத்தில் கலப்பதே சரிதானா என்று எனக்கும் கலக்கமாக இருக்கிறது. காத்திருக்கலாமா?
– ஒரு சகோதரி, சேலம்

பதில்: காத்திருக்க வேண்டாம், சகோதரி. தம்பியின் பிடிவாதம் தாய்ப்பாசத்தில் வந்தது. அதை மனதில் வைத்தே பேசுங்கள்.

அவர் சொல்வது 2023-ல் குவாங்சோவில் நடந்த சோதனை. பன்றிக் கருவில் சிறுநீரகம் உருவாகத் தேவையான இரண்டு மரபணுக்களை முடக்கி, அந்தக் காலி இடத்தில் எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய மனித ஸ்டெம் செல்களை வளரவிட்டார்கள். 1,820 கருக்களை 13 பன்றிகளின் கருப்பையில் வைத்தார்கள். கடைசியில் ஆராய்ச்சிக்குத் தேறியவை ஐந்து. 28 நாளோடு நிறுத்தியும்விட்டார்கள். அதில் இருந்தது கருவிலேயே தோன்றி மறைகிற தற்காலிகச் சிறுநீரகம். பாதிக்குச் சற்று மேல் மனித செல், மீதி பன்றியுடையது. ஆளுக்குப் பொருத்தும் கிட்னி அதுவல்ல. தடையை நாளைக்கே எடுத்தாலும் தம்பிக்கு அது கிடைக்காது.

உங்கள் கலக்கம் நியாயமானது. அதே கருக்களின் மூளையிலும் தண்டுவடத்திலும் சில மனித செல்கள் தென்பட்டன. சிறுநீரகத்துக்கென்று விட்டது மூளைக்கும், ஒருநாள் விந்து, கருமுட்டைக்கும் போய்விட்டால்? இந்தப் பயத்தில்தான் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2015-ல் இத்தகைய ஆய்வுக்கு நிதி தருவதை நிறுத்திவைத்தது. ஜப்பான் இப்படிப்பட்ட கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கவும், கருப்பையில் வைக்கவும் விடாமல் இருந்தது, 2019-ல் தளர்த்தியது. அங்கே நகாவுச்சி என்ற விஞ்ஞானி எலிகளில் அனுமதி பெற்றபோது, மூளையில் மனித செல்கள் 30 சதவீதத்தைத் தாண்டினால் சோதனையை நிறுத்துவது என்று முடிவானது. எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. ஒரேயடியாக மூடினால் தம்பியைப் போன்றவர்களின் நாளைய நம்பிக்கையும் போய்விடும். கண்காணிப்பே இல்லாமல் விடவும் கூடாது.

ஆனால் டம்ளரில் தண்ணீர் அளந்து குடிக்கிறவருக்கு இன்றைய வழிதான் முக்கியம். அடுத்த டயாலிசிஸுக்கு அம்மாவையும் கூட்டிப்போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து, அவர் தரலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். தானம் தந்தவரின் உடல்நிலை பிறகு எப்படி இருக்கும் என்று தம்பியே டாக்டரிடம் கேட்கட்டும். ரத்தப் பிரிவு சேராவிட்டால், அதே சிக்கலில் உள்ள இன்னொரு குடும்பத்தோடு மாற்றித் தானம் செய்துகொள்ளவும் சட்டத்தில் இடமிருக்கிறது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காக, மருத்துவமனை வழியாக, தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானில் தம்பியின் பெயரையும் இப்போதே பதிந்துவிடுங்கள்.